சோளகத்துக்குத் தாங்கும் அழகுப் புல் எது? யாழ்ப்பாணத்து வளவுக்கு ஒரு தேர்வு

கிடுகு வேலி போய் மதில் வந்த பிறகு நம் வளவுகளில் புதிதாக ஒரு துண்டு நிலம் மிஞ்சியிருக்கிறது. மதிலின் அடிக்கும் முற்றத்துச் சீமெந்துக்கும் நடுவே, இரண்டு மூன்று அடி அகலத்தில், வளவின் நீளத்துக்கு ஓடும் மண். பகல் முழுக்க மதில் வாங்கிய வெயில் பொழுதுபட்ட பிறகும் அந்த மண்ணில்தான் இறங்குகிறது. செவ்வரத்தை வைத்தால் அள்ளி அள்ளித் தண்ணீர் விட வேண்டும், குரோட்டன் வைத்தால் ஆடி மாதத்தில் இலை கருகும். அதனால் இப்போது பலரும் அந்த இடத்துக்கு அழகுப் புல் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் தங்கள் வாசலில் நிற்கும் புல்லைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால், கேள்வி இன்னும் அவசரமாகிவிடும்.

வைக்கலாம். அந்த இடத்துக்குப் புல்லைவிடப் பொருத்தமான செடி குறைவு என்றுகூடச் சொல்வேன். ஆனால் எந்தப் புல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதில் ஓரத்துக்கு வெட்டிவேர், வாசல் பக்கம் நிறத்துக்காக ஊதா பவுண்டன் கிராஸ் நாலைந்து தூர், குசினிப் பக்கம் எலுமிச்சைப்புல். வெளிநாட்டுப் படங்களில் வரும் மற்றவற்றில் பெரும்பாலானவற்றை இந்த மண்ணுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

இந்த முடிவுக்கு அடிப்படை நம் ஊரின் காலநிலை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1200 முதல் 1300 மில்லிமீற்றர் மழை என்று கேட்டால் நிறைய என்றுதான் தோன்றும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தால் பிறகு கிணறுதான். வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கிய மழைநீரைத்தான் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நாம் எடுக்கிறோம். வைகாசியில் தொடங்கிப் புரட்டாதிவரை சோளகம் வீசும். ஈரத்தை இலையிலிருந்து உருவிக்கொண்டு போகும் காற்று அது. அந்த மாதங்களில் கிழமைக்கு இரண்டு தரம் தூருக்கொரு வாளி தண்ணீரோடு நிற்கக்கூடியதா என்பதுதான் எந்தப் புல்லிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி மண். செம்மண் என்றாலும் அடியில் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. இந்தக் காரத்தன்மையில் மண்ணில் இருக்கிற இரும்பைக்கூட வேரால் எடுக்க முடியாமல் சில செடிகள் வெளிறிவிடும். நரம்பு பச்சையாகவும் இடைப்பட்ட இலை மஞ்சளாகவும் தெரிந்தால் அதுதான் காரணம். மூன்றாவது கேள்வி, என் பார்வையில் மற்ற இரண்டையும்விடப் பெரியது: வைத்த இடத்தில் நிற்குமா, பக்கத்து வளவுக்கும் போய்விடுமா?

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடுவோம்.

கலியாண மண்டபங்களில் காய்ந்த வெள்ளைப் பஞ்சுக் கதிராக அலங்காரத்துக்கு வருகிற பம்பாஸ் புல்லைப் பலருக்கும் பிடிக்கும். தென் அமெரிக்கச் சமவெளிப் புல். இலையின் விளிம்பு கத்திபோல் வெட்டும், ஆளுயரத்துக்கு மேல் வளரும், ஒவ்வொரு கதிரிலும் காற்றில் பறக்கும் விதை எண்ணற்றது. கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் தோட்டத்திலிருந்து தப்பிப் போய்க் கரையோரங்களைப் பிடித்துக்கொண்டது. வேண்டாம். நீலச் சாம்பல் நிறத்தில் சிறு பந்து பந்தாக நிற்கும் நீலப் பெஸ்கியூ ஐரோப்பியக் குளிருக்குப் பழகியது. நம் வெக்கையும் மழைக்காலப் புழுக்கமும் சேர்ந்தால் நடுவிலிருந்து அழுகிவிடும். கோடு போட்ட இலையுள்ள மிஸ்கந்தஸ் வகைகளும் குளிர்காலத்தில் உறங்கி எழும் வாழ்க்கைக்குப் பழகியவை. படத்தில் பார்க்கிற வடிவம் இங்கே கிடைக்காது.

பவுண்டன் கிராஸில் இரண்டு உண்டு. அதில் பச்சை வகை வடக்கு, கிழக்கு ஆபிரிக்காவின் வறண்ட நிலப் புல். நம் ஊரில் நன்றாகவே வளரும், அதுதான் பயம். ஹவாயில் அது எரிமலைக் கற்பரப்புவரை பரவி, கோடையில் காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிட்டது. பரவிய செடியைப் பிடுங்குவது என்றால் என்ன என்று வடக்கில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பார்த்தீனியத்தோடு பட்ட பாடு போதும். ஆற்றங்கரை நாணலும் அப்படித்தான். வெள்ளிக் கதிர் அசைகிற அழகுக்கு ஈடில்லை, ஆனால் கிழங்குபோல் நிலத்துக்கடியில் ஓடி முளைக்கும். பனாமா கால்வாய்ப் பகுதியில் இந்த நாணல் பிடித்த நிலங்களைத் திரும்பக் காடாக்குவதே தனி வேலையாகிவிட்டது. தர்ப்பையை வீட்டுச் சடங்குக்கென்று ஒரு மூலையில் வைக்க நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில்: அடி அகன்ற சீமெந்துத் தொட்டிக்குள் மட்டும் வையுங்கள். கினிப்புல் மாட்டுக்கு நல்ல தீன்தான். ஆனால் இலங்கையின் ஆக்கிரமிப்புத் தாவரங்களில் ஒன்றாக எண்ணப்படுவது. அதை அழகுக்கென்று நட வேண்டாம்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சூட்கேஸுக்குள் விதைப் பைக்கற் வைத்துக் கொண்டுவருவது அன்பினால்தான், தெரியும். ஆனால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கன்றோ விதையோ அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்கவில் வந்தாலும் சரி, 2019இல் திறந்த பலாலி வழியாகச் சென்னையிலிருந்து வந்தாலும் சரி, சட்டம் ஒன்றுதான். புல் விதையில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

இப்போது உண்மையான போட்டி. வெட்டிவேருக்கும் ஊதா பவுண்டன் கிராஸுக்கும் இடையில்.

நிறத்தில் ஊதாவை வெல்ல ஆள் இல்லை. கரும்பீற்றூட் நிற இலை, அதன் மேல் வளைந்து தொங்கும் இளஞ்சிவப்புக் கதிர். அணில் வால் அளவு தடிப்பு, தொட்டால் அதைவிட மெது. பின்னேரம் நாலரை மணி வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும்போது, கதிருக்குப் பின்னால் வெளிச்சம் வருகிற பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகச் சிவந்து தெரியும். சோளகம் வீச, முழுத் தூரும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மதிலுக்கு முன்னால் அது நிற்கும் அழகுக்காகவே அதை வைக்கலாம் என்று நினைக்கிறேன். கதிரோடு மூன்றரை, நாலு அடி உயரம். இரண்டடி இடைவெளி விட்டு நட்டால் போதும். இது பெரும்பாலும் மலட்டு வகை; விதை கட்டுவது மிக அரிது. அதனால் பச்சை வகைபோல் பரவும் பயம் இல்லை.

இதிலேயே வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. மலட்டு வகையைத் தூர் பிரித்துத்தான் பெருக்க முடியும். ஆகவே ‘ஊதா பவுண்டன் கிராஸ்’ என்று யாராவது விதைப் பைக்கற் தந்தால், அது இந்த வகையாக இருக்க வாய்ப்பில்லை. கன்றாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் இலை அடிவரை ஊதாவாக இருக்கிற கன்றாக.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முழு வெயில் இல்லையென்றால் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும். மாமரத்துக்குக் கீழே வைத்துவிட்டு நிறம் போய்விட்டது என்று சொல்வதில் பயனில்லை. வேர் பிடித்த பிறகு ஓரளவு வறட்சி தாங்கும் என்றாலும், சோளகத்தின் உச்சத்தில் தண்ணீர் தவறினால் இலை நுனி பழுப்பாகி, பார்க்கக் களைத்துப் போய்விடும். அதைவிடப் பெரிய குறை கார்த்திகையில். அடை மழையில் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு மூன்று நாள் நிற்கிற வளவுகள் நம்மிடம் நிறைய. ஊதாப் புல்லின் வேர் அந்தத் தேக்கத்தில் அழுகும். தாழ்ந்த வளவென்றால் அரையடி மேடு கட்டித்தான் வைக்க வேண்டும், அல்லது சாடியில். இரண்டு மூன்று வருடத்தில் நடுத்தூர் காய்ந்து ஓட்டை விழும்; அப்போது கிளறிப் பிரித்து நட வேண்டும்.

வெட்டிவேருக்கு வருவோம். பூவில் அதற்குப் பெரிய கவர்ச்சி கிடையாது. ஊதா கலந்த பழுப்பில் மெல்லிய கதிர் வரும், பலர் கவனிக்கவே மாட்டார்கள். அழகு அதன் இலையில், அது ஒழுங்காக எழுந்து நுனியில் மட்டும் வளைகிற விதத்தில். ஐந்தாறு அடிக்கு எழும். வரிசையாக நட்டால் பச்சைத் திரைதான். மற்ற எல்லாவற்றிலும் அது முன்னுக்கு நிற்கிறது.

முதற் காரணம் வேர். மற்றப் புற்களின் வேர் பக்கவாட்டில் பரவ, வெட்டிவேரின் வேர் நேரே கீழே போகும்; நல்ல மண்ணில் ஒரே வருடத்தில் மூன்று மீற்றருக்கும் இறங்கக்கூடியது. நம் வளவுகளில் அலவாங்கு போட்டால் இரண்டடியில் கல் சத்தம் கேட்கும் இடங்கள் உண்டு, அங்கே அவ்வளவு ஆழம் கிடைக்காது. ஆனாலும் மேல்மண் காய்ந்த பிறகு அடியில் மிஞ்சிய ஈரத்தை அது தேடி எடுக்கும். முதல் வருடம் தண்ணீர் விட்டுத் தூக்கிவிட்டால், அடுத்த ஆடியில் கிழமைக்கு ஒரு தரம் விட்டாலே பச்சை மாறாது. வேர் கீழே போவதால் மதிலின் அத்திவாரத்தோடும் பக்கத்துச் செடியோடும் சண்டைக்குப் போகாது. காரமான மண்ணையும் ஓரளவு உவரையும் தாங்கும். கார்த்திகையில் வெள்ளம் நின்றாலும் சாகாது. ஒரே செடி ஆடியையும் கார்த்திகையையும் இப்படித் தாங்குவது அபூர்வம். 1980களில் உலக வங்கி இந்தியாவில் மண்ணரிப்பைத் தடுக்க இந்தப் புல்லை எடுத்துப் பரப்பியதற்கும் இந்தக் குணங்கள்தான் காரணம். நம் பக்கம் வேருக்காகப் பயிராகும் தென்னிந்திய வகை முளைக்கக்கூடிய விதை கட்டாது என்பதால், வைத்த இடத்தில்தான் நிற்கும். எனக்கு அதுவே போதும்.

பெருக்குவதும் சுலபம். பழைய தூரைச் சுற்றி மண்வெட்டியால் வெட்டி, அலவாங்கு விட்டு நெம்பினால் மண்ணோடு எழும்பி வரும். இலையை ஒரு சாணுக்கு வெட்டி, வேரை நாலு விரல் அளவுக்கு நறுக்கி, கையால் முறித்துப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தண்டு இருந்தால் போதும். பிரிக்கப் பிரிக்க வேரின் வாசம் கை முழுக்க ஏறும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் உடனே போகாது. நறுக்கிய வேரை எறிய வேண்டாம். கழுவிக் காயவைத்து மண்பானைத் தண்ணீரில் போடலாம், உடுப்பு அலுமாரிக்குள் வைக்கலாம். மதிலோடு நெருக்கமான வரிசை வேண்டுமென்றால் அரையடிக்கு ஒன்று. தனித்தனித் தூராக அசைய வேண்டுமென்றால் இரண்டடிக்கு ஒன்று. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், காற்று உள்ளே போய் வர இடம் இருந்தால்தான் புல்லின் அசைவு தெரியும்.

ஆக, நிறத்தில் ஊதா, உழைப்பில் வெட்டிவேர். கிணற்றில் நல்ல தண்ணீர் நிறைய, வளவு மேடு, தினமும் தோட்டத்தில் கைவைக்க வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் ஊதாவைத் தாராளமாக வையுங்கள். வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடு, அல்லது வருடத்துக்கு ஒரு தரம் வந்து பூட்டுத் திறக்கிற வீடு என்றால் வெட்டிவேரைத் தவிர வேறொன்றையும் யோசிக்க வேண்டாம். இரண்டும் வேண்டுமென்றால் பின்னால் வெட்டிவேர் வரிசை, அதற்கு முன்னால் வாசலில் ஊதா. கண்ணுக்கும் அதுதான் நன்றாக இருக்கும். பின்னால் பச்சை இருந்தால்தான் ஊதா எடுப்பாகத் தெரியும்.

எலுமிச்சைப்புல் இந்தப் போட்டிக்கு வெளியே நிற்கிறது. மூன்று நாலடி உயரத்தில் இளம்பச்சையாக வளைந்து நிற்கும். அநேகமாகப் பூக்காது, அதனால் பரவாது. தேத்தண்ணிக்கு ஒரு இலை, கறிக்கு ஒரு தண்டு என்று கை போய்க்கொண்டே இருப்பதால் தானாகவே சுத்தமாக இருக்கும். ஆனால் வெட்டிவேரைவிடத் தண்ணீர் அதிகம் கேட்கும். குசினித் தண்ணீர் போகிற பக்கத்தில் வைத்தால் அந்தக் கவலை இல்லை, சவர்க்காரத் தண்ணீர் நேரே வேரில் விழாமல் மட்டும் பாருங்கள். இலை விளிம்பு கையைக் கீறும். நடைபாதைக்கு ஒட்டி வைக்க வேண்டாம். இதன் சொந்தக்காரப் புல்லான சிட்ரோனெல்லாவை நுளம்பு வராது என்று சொல்லி விற்பார்கள். நுளம்பை விலக்குவது அதன் எண்ணெய்தான். செடி சும்மா நிற்பதால் எதுவும் நடக்காது. மார்கழி, தை டெங்குக் காலத்தில் சாடிக்குக் கீழே வைத்த தட்டில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பது அதைவிடப் பல மடங்கு பயன்.

ஒரு பருவத்துக்கு மட்டும் ஏதாவது வேண்டுமென்பவர்கள் ஊதாக் கம்பைத் தேடலாம். ‘பேர்ப்பிள் மெஜஸ்டி’ என்ற வகை 2003இல் அமெரிக்காவில் தோட்டச் செடிகளுக்கான தங்கப் பதக்கம் பெற்றது. இலையும் கதிரும் கருமையான ஊதா. கம்பு நம் வெயிலுக்குப் புதிதல்ல. கதிர் முற்றினால் குருவி வந்து பிரித்துத் தின்னும். எனக்கு அது நட்டமாகத் தெரியவில்லை.

மாமரத்து நிழலுக்கு இவை ஒன்றும் சரிவராது. அங்கே மொண்டோ புல் வைக்கலாம். தாவரவியலில் அது புல் குடும்பமே இல்லை, ஆனால் புல்போலக் குட்டையாக அடர்ந்து நிற்கும். கிணற்றடியில் எந்நேரமும் ஈரமான இடத்துக்குக் குடைக்கோரை.

பாம்பு விஷயத்துக்கு வராமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. புல் என்று சொன்னவுடன் பக்கத்து வீட்டு மாமி கேட்ட முதல் கேள்வியே அதுதான்: “தம்பி, உந்தப் பத்தைக்குள்ள பாம்பு வந்து கிடக்காதோ?” கேட்க வேண்டிய கேள்வி. கண்ணாடி விரியனும் மணற்பாங்கான இடங்களில் சுருட்டை விரியனும் உள்ள ஊர் இது. வெட்டிவேர் வாசத்துக்குப் பாம்பு வராது என்று சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். பாம்பைக் கூப்பிடுவது எலியும் ஒளிய இடமும். எந்தத் தூராக இருந்தாலும் அடியில் தொங்கும் காய்ந்த இலையை இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வெட்டி, நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு அடிப்பகுதி வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். வாசற்படியிலிருந்து ஆறேழு அடி தள்ளி நட வேண்டும். அடியில் ஓடு, கல், தென்னம் பாளை குவிக்கக் கூடாது. இதில் எலுமிச்சைப்புல்லும் ஊதாவும் சற்று முன்னுக்கு, வெட்டிவேரும் பரவாயில்லை. பம்பாஸ் மிக மோசம், அதன் அடிக்குள் கையை விடவே முடியாது. வெட்டிய காய்ந்த இலையை மதிலோரத்திலேயே கொளுத்தும் பழக்கமும் வேண்டாம். சோளகத்தில் ஒரு பொறி போதும். வாழைக்கும் தென்னைக்கும் அடியில் பரப்பிவிட்டால் ஈரம் காக்கும்.

உரமும் அவ்வளவாக வேண்டாம். நடும்போது ஒரு குழிக்கு இரண்டு கை மாட்டெரு, பிறகு வருடத்துக்கு ஒரு தரம் கொஞ்சம். யூரியா போட்டால் புல் கிடுகிடுவென்று எழும்பிச் சரிந்து விழும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே குடிநீருக்கான அளவைத் தாண்டியிருக்கிறது. அழகுக்கு வைக்கிற புல்லுக்காக அதில் நாமும் ஒரு கை சேர்க்கக் கூடாது.

இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். இணுவில், உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண்ணில் மேலே சொன்ன மூன்றும் வரும். வடமராட்சி கிழக்கு மணலில் தண்ணீர் நில்லாமல் இறங்கிவிடும். வெட்டிவேருக்குக்கூட முதல் வருடம் இரட்டிப்புக் கவனமும் குழிக்கு ஒரு கூடை எருவும் தேவை. வேலணை, புங்குடுதீவு பக்கம் கிணறு உவரென்றால் ஊதாவைச் சாடியில், சேமித்த மழைநீரில் மட்டும் வளர்க்கலாம், நிலத்துக்கு வெட்டிவேர்தான். மணற்காட்டுக் கரையில் முள்ளுருண்டை காற்றில் உருளுமே, அந்த இராவணன் மீசையைப் பிடுங்கி வந்து முற்றத்தில் வைக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அந்த மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். அங்கேயே இருக்கட்டும்.

வைக்கும் காலம் ஐப்பசி, முதல் இரண்டு மழை விழுந்து மண் குளிர்ந்த பிறகு. மூன்று மாத மழையில் வேர் இறங்கிவிட்டால் அடுத்த சோளகத்தைச் சமாளிக்கும்; சித்திரையில் நட்டால் முழுச் சுமையும் உங்கள் கிணற்றுக்குத்தான். ஏற்கெனவே நிற்கும் தூர்களை ஒவ்வொரு வருடமும் புரட்டாதிக் கடைசியில் வெட்டிவிடுங்கள், வெட்டிவேரை ஒரு முழத்துக்கு, ஊதாவை ஒரு சாணுக்கு. கன்று தேடுகிறவர்கள் இப்போதே பக்கத்தில் யார் வீட்டில் பழைய வெட்டிவேர்த் தூர் நிற்கிறது என்று விசாரித்து வையுங்கள். ஒரு பெரிய தூரைப் பிரித்தால் இருபது முப்பது கன்று கிடைக்கும். மதில் ஓரத்துக்கு அது தாராளம். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஊதா மட்டும்தான்.